பள்ளிக்கூடக் காதல் காமெடி அனிமே: ஐந்தில் எதை முதலில் பார்ப்பது?

சண்டை அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள்) பார்த்துப் பழகியவர்கள் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது: பள்ளிக்கூடப் பின்னணியில் நல்ல காதல் காமெடி வேண்டும், எதில் தொடங்கலாம்? கேட்டவுடன் இருபது பெயர்கள் வந்து விழும். எல்லாமே தவறவிடக் கூடாதவை என்று சொல்லப்படும். நான்கைந்தில் முதல் எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு, எதையும் முடிக்காமல் ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு அனிமே பிடிக்காமல் போகவில்லை, அந்த நேரத்துக்குப் பொருந்தாத ஒன்றைத் தொட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் இங்கே ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: டோராடோரா, ககுயா-சாமா: லவ் இஸ் வார், ஹோரிமியா, கிமி நி தொடோகே, நோசாகி-குன். ஐந்தும் எனக்குப் பிடித்தவை. ஆனால் ஒருவருக்கு ஒரே சமயத்தில் ஐந்தும் பிடிக்க வாய்ப்பில்லை. கதையின் பெரிய திருப்பங்களைச் சொல்லப் போவதில்லை. காதல் எந்தக் கட்டத்தில் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது என்பதை மட்டும் மறைக்கவில்லை. ஸ்பாய்லர் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். ஆனால் எதைப் பார்ப்பது என்று முடிவெடுக்க அதைவிட உதவும் தகவல் வேறில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், காதலை எப்போது சொல்கிறார்கள், அதுவரை ஏன் சொல்லவில்லை என்பது. ஜப்பானியப் பள்ளிக் கதைகளில் ஒருவர் மற்றவர் முன்னால் நின்று, ‘உன்னைப் பிடித்திருக்கிறது’ என்று சொல்வதற்குத் தனி மதிப்பு உண்டு. அது சொல்லப்பட்டு, பதில் கிடைத்த பிறகுதான் இருவரும் ஜோடி. அதற்கு முன்னால் தினமும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தாலும், ஒன்றாகச் சாப்பிட்டாலும் ஊர் கண்ணுக்கு நண்பர்கள்தான். ஒற்றை வாக்கியத்தில் முடிய வேண்டிய கதை 25 எபிசோடு ஓடுகிறது என்றால், அந்த வாக்கியத்தைத் தடுக்கும் காரணம் உண்மையானதாக இருக்க வேண்டும். காரணம் நம்பும்படி இருந்தால் காத்திருப்பு சுகம். இல்லையென்றால், ‘சொல்லித் தொலையேன்’ என்று திரையைப் பார்த்துக் கத்தத் தோன்றும். என் பார்வையில் ஒரு காதல் காமெடியின் தரம் இந்த இடத்தில்தான் தெரியும்.

இரண்டாவது, கதை முடிகிறதா என்பது. பெரும்பாலான அனிமே தொடர்கள் ஒரு மங்காவையோ (ஜப்பானியப் படக்கதை) லைட் நாவலையோ (இளைஞர்களுக்கான எளிய நாவல்) வைத்து எடுக்கப்படுகின்றன. மூலத்தின் விற்பனையைக் கூட்டுவதும் அவற்றின் வேலை. அதனால் 12 அல்லது 13 எபிசோடோடு நின்றுவிட்டு, மீதியைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் விட்டுப் போவது சகஜம். சண்டைத் தொடரில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். காதல் கதை பாதியில் நின்றால் மனசு ஆறாது.

மூன்றாவது, சிரிப்பு எங்கிருந்து வருகிறது. சூழ்நிலையிலிருந்து வரும் நகைச்சுவை சப்டைட்டிலில் தாங்கும். வேகமான பேச்சிலிருந்தும், இந்த வகைக் கதைகளையே கிண்டல் செய்வதிலிருந்தும் வருவது எல்லாருக்கும் போய்ச் சேராது.

அப்புறம் நேரம் எவ்வளவு, யாரோடு உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்கிற இரண்டு சாதாரண விஷயங்கள். வீட்டு ஹாலில் எல்லாரும் இருக்கும்போது போட முடியுமா என்பது நம் வீடுகளில் உண்மையிலேயே யோசிக்க வேண்டிய ஒன்று.

| தொடர் | ஆண்டு | நீளம் | காதல் சொல்லப்படுவது | கதை முடிகிறதா | வீட்டோடு பார்க்கலாமா |
|---|---|---|---|---|---|
| டோராடோரா | 2008–09 | 25 எபிசோடு, சுமார் 10 மணி நேரம் | கடைசிக் கட்டத்தில் | ஆம், முழுமையாக | பெரும்பாலும் |
| ககுயா-சாமா | 2019–22 | 37 எபிசோடு + ஒரு படம், சுமார் 16 மணி நேரம் | மூன்றாம் சீசன் இறுதியில் | காதல் கதை ஓர் இடத்தில் அமைகிறது. மங்கா இன்னும் நெடுந்தூரம் போகிறது | சில பகுதிகள் சங்கடம் |
| ஹோரிமியா | 2021, 2023 | 13 + 13 எபிசோடு, சுமார் 10 மணி நேரம் | முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் | ஆம், அவசரமாக | பெரும்பாலும் |
| கிமி நி தொடோகே | 2009–11, 2024 | 25 + 12 எபிசோடு, பிறகு 5 நீண்ட எபிசோடுகள் | இரண்டாம் சீசனின் பிற்பகுதியில் | இரண்டு சீசனில் ஒரு நிறைவு உண்டு | தாராளமாக |
| நோசாகி-குன் | 2014 | 12 எபிசோடு, சுமார் 5 மணி நேரம் | முதல் எபிசோடிலேயே முயற்சி, போய்ச் சேரவில்லை | இல்லை | தாராளமாக |

## பள்ளிக்கூடம் ஏன் இந்தக் கதைகளுக்குத் தேவை

ஒப்பீட்டுக்குள் போகும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த ஐந்தின் ஈர்ப்பும் இங்கே வேர் விட்டிருக்கிறது. ஜப்பானில் மேல்நிலைப் பள்ளி மூன்று ஆண்டு. நம் ஊரில் ஜூனில் தொடங்குவதுபோல் அங்கே ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். பல பள்ளிகளில் ஒவ்வோர் ஏப்ரலிலும் வகுப்புகளைக் கலைத்து மறுபடி பிரிப்பார்கள். பிடித்தவர் பெயர் தன் வகுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடும் காட்சி அதனால்தான் இவ்வளவு தொடர்களில் வருகிறது. கோடையில் வாணவேடிக்கை, இலையுதிர் காலத்தில் பள்ளிக் கலைவிழா, இரண்டாம் ஆண்டில் சுற்றுலா, ஜோடிகளின் இரவாகக் கருதப்படும் கிறிஸ்துமஸ், பெண்கள் சாக்லேட் கொடுக்கும் பிப்ரவரி 14, ஆண்கள் பதிலுக்குக் கொடுக்கும் மார்ச் 14, கடைசியில் பட்டமளிப்பு. ஒவ்வொன்றும் ஒரு கெடு. அந்த நாளுக்குள் சொல்லாவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று தெரியாது.

மூன்றாம் ஆண்டு வந்துவிட்டால் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. முதல் ஆண்டில் யாரும் யாருக்கும் பழக்கமில்லை. நடுவில் இருக்கும் இரண்டாம் ஆண்டுதான் கொஞ்சம் மூச்சுவிடும் காலம். டோராடோரா, ககுயா, நோசாகி மூன்றும் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடமிருந்து தொடங்குவது தற்செயல் இல்லை. இந்த ஆண்டு தீரப் போகிறது என்பது பார்ப்பவருக்கும் தெரியும், பாத்திரங்களுக்கும் தெரியும். சின்ன விஷயங்கள்கூட இங்கே பெரிதாகத் தெரிவதற்கு அந்த அவசரம்தான் காரணம்.

## டோராடோரா

யுயுகோ தகேமியாவின் லைட் நாவல் வரிசையை வைத்து ஜே.சி.ஸ்டாஃப் ஸ்டூடியோ எடுத்தது. மூலக் கதை பத்துத் தொகுதிகள். இயக்கம் தத்சுயுகி நாகாய், திரைக்கதைப் பொறுப்பு மாரி ஒகாதா. 2011-இல் அனோஹனா என்ற தொடரை எடுத்ததும் இதே கூட்டணிதான். அதைப் பார்த்து அழுதவர்களுக்கு இந்தப் பெயர்கள் என்ன தரும் என்று தெரியும்.

ர்யூஜி தகாசுவுக்கு யாகுசா (ஜப்பானிய ரவுடிக் கும்பல்) அப்பாவிடமிருந்து வந்த கண்கள். பார்த்தாலே ரவுடி என்று வகுப்பு ஒதுங்கும். உண்மையில் அவன் துடைப்பதிலும் சமைப்பதிலும் பைத்தியம் பிடித்தவன், இரவு வேலைக்குப் போகும் அம்மாவையும் வீட்டையும் பார்த்துக்கொள்பவன். டாய்கா ஐசாகா குட்டையான உருவமும் கட்டுக்கடங்காத கோபமும் கொண்டவள். பள்ளியில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘உள்ளங்கைப் புலி’. அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். பெற்றோர் இருந்தும் இல்லாத நிலை. அவளுக்கு அவனுடைய நண்பன் கிதாமுராவைப் பிடிக்கும். அவனுக்கு அவளுடைய தோழி மினோரியைப் பிடிக்கும். ஒருவருக்கொருவர் உதவலாம் என்று ஒப்பந்தம்.

இதன் முடிவு எங்கே போகும் என்று முதல் எபிசோடிலேயே யூகிக்கலாம். யூகித்தும் பார்க்க வைப்பதில்தான் இந்தத் தொடரின் வலிமை இருக்கிறது. டாய்காவின் சமையலறைத் தொட்டியில் பூஞ்சை பிடித்த பாத்திரங்களைப் பார்த்ததும் ர்யூஜியால் சும்மா இருக்க முடியாது. மறுநாள் முதல் அவளுக்கும் சேர்த்து அரிசி வேகிறது. மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடும் அந்தக் குட்டி மேசையில்தான் கதை வளர்கிறது. இருவரும் தங்களைக் காதலர்களாக நினைத்துப் பார்ப்பதற்கு முன்பே குடும்பமாகிவிடுகிறார்கள். அதனால், ‘ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்விக்கு இங்கே நேர்மையான பதில் இருக்கிறது: தங்களுக்குள் இருப்பதற்கு என்ன பெயர் என்று அவர்களுக்கே தெரியாது. தெரிய வரும்போது அது தோழிக்குச் செய்யும் துரோகமாகத் தெரிகிறது.

இரண்டாம் கதாநாயகிகளை இப்படி நடத்திய காதல் காமெடி வேறு ஒன்று எனக்கு எளிதில் நினைவுக்கு வரவில்லை. எப்போதும் கத்திக்கொண்டு சிரித்துக்கொண்டு ஓடும் மினோரி எதை மறைக்கிறாள் என்பது மெல்ல மெல்லத்தான் புரியும். விளம்பர மாடலாக வரும் அமி கவாஷிமா முதலில் வெறும் இரட்டை வேடக்காரி. போகப் போக, அந்தக் கூட்டத்தில் நடப்பதையெல்லாம் முதலில் கண்டுகொள்பவளும், கண்டுகொண்டும் தனியாக நிற்பவளும் அவள்தான் என்று தெரிகிறது. முதல் தடவை டாய்காவுக்காகப் பார்த்தவர்கள் இரண்டாம் தடவை அமிக்காகப் பார்ப்பார்கள்.

இனி, வெளியே தெரியாத செலவுகள். முதல் ஏழெட்டு எபிசோடுகளில் டாய்கா ர்யூஜியை அடிக்கிறாள், உதைக்கிறாள், ‘நாய்’ என்கிறாள். அந்தக் காலத்து அனிமேயில் இது வாடிக்கையான சிரிப்பு. இன்று பார்ப்பவருக்கு முகம் சுளிக்கும், அது நியாயமும்கூட. நீச்சல் குளத்தை வைத்து வரும் எபிசோடுகளில் உடலைப் பற்றிய கேலி இருக்கிறது. ஓவியம் 2008-ஐச் சேர்ந்தது, இன்றைய பளபளப்பு இருக்காது. கடைசி இரண்டு எபிசோடுகள் நிறையச் சம்பவங்களை வேகமாக விழுங்குகின்றன. ஒரு முக்கிய முடிவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றும்.

ஆனால் 16-ஆம் எபிசோடில் டாய்கா மாணவர் மன்றத் தலைவியோடு மோதும் காட்சியும், 19-ஆம் எபிசோடின் கிறிஸ்துமஸ் இரவும் இந்த வகை அனிமே எட்டிய உயரங்கள். அதுவரை வந்த சிரிப்பெல்லாம் எதற்காக என்று அங்கே புரிகிறது. முடிவுள்ள முழுக் கதை வேண்டும், சிரிப்பு பாதியில் கனமாக மாறினாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு இதுதான். பத்தாம் எபிசோடு வரை பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத மாதத்தில் தொடாதீர்கள்.

## ககுயா-சாமா: லவ் இஸ் வார்

ஆகா அகாசாகாவின் மங்கா 2015-இல் தொடங்கி 2022-இல் 28 தொகுதிகளோடு முடிந்தது. ஏ-1 பிக்சர்ஸ் மூன்று சீசன்கள் எடுத்தது: 2019, 2020, 2022. அதே 2022 டிசம்பரில் படமும் வந்தது. இயக்கம் ஷினிச்சி ஒமாதா.

ஷூசின் அகாடமி பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. மாணவர் மன்றத் தலைவன் மியுகி ஷிரோகானே, துணைத் தலைவி ககுயா ஷினோமியா. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவர் ஆசை. முதலில் சொல்பவர் தோற்றவர் என்று இருவருமே நம்புகிறார்கள். அதனால் எதிராளியைச் சொல்ல வைக்கச் சூழ்ச்சி, எதிர்ச்சூழ்ச்சி. ஒரு சினிமா டிக்கெட், ஒரு குடை, ஒரு சாப்பாட்டு டப்பா, எதை வேண்டுமானாலும் போர்க்களமாக்குவார்கள். யுதாகா அஓயாமாவின் கதைசொல்லிக் குரல் ராணுவ அறிக்கை வாசிப்பதுபோல் பின்னால் முழங்கும். இருவரும் பத்து நகர்வு முன்கூட்டி யோசித்து நிற்கும்போது, செயலாளர் சிகா ஃபுஜிவாரா எதுவும் அறியாமல் நடுவில் புகுந்து பலகையையே கவிழ்த்துவிடுவாள். முதல் சீசன் 3-ஆம் எபிசோடின் இறுதிப் பாடலுக்கு அவள் ஆடும் நடனம், தொடரைப் பார்க்காதவர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

இது வெறும் விளையாட்டாக மட்டும் இருந்திருந்தால் ஒரு சீசனில் சலித்திருக்கும். அந்தப் போருக்கு அடியில் ஒரு பயம் இருக்கிறது. ககுயா நாட்டின் மிகப் பெரிய வணிகக் குடும்பம் ஒன்றில், யாரையும் நம்பாதே என்று வளர்க்கப்பட்டவள். ஷிரோகானே பணமில்லாத வீட்டுப் பையன். படிப்பு ஒன்றை வைத்துத்தான் அந்தப் பள்ளியில் நிற்கிறான், தூங்காமல் படித்துக் கண்ணைச் சுற்றிக் கருவளையம். இவளுக்குச் சமமாக நிற்க வேண்டுமென்றால் தான் ஒருபோதும் தாழக் கூடாது என்று நினைக்கிறான். முதலில் சொல்வது அவனுக்குக் கெஞ்சுவதுபோல் படுகிறது. அவளுக்கோ தன் உண்மையான குணத்தைக் காட்டினால் வெறுத்துவிடுவான் என்ற அச்சம். முதல் சீசனின் சிரிப்பை மூன்றாம் சீசனின் கலைவிழாவில் நினைத்துப் பார்த்தால், இவர்கள் அன்று ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பது வேறு மாதிரி தெரியும். கணக்காளர் இஷிகாமியின் பழைய கதை வரும் இரண்டாம் சீசனின் 11-ஆம் எபிசோடு, இந்தத் தொடரைக் காமெடி என்று மட்டும் சொல்ல முடியாமல் செய்துவிட்டது.

மறைந்த செலவு முதலில் சப்டைட்டில். கதைசொல்லி ஒரு பக்கம், பாத்திரங்களின் மனக்குரல் ஒரு பக்கம், திரையில் எழுத்துகள் இன்னொரு பக்கம். வேகமாகப் படிக்கப் பழகாதவர்களுக்கு முதல் சில எபிசோடுகள் சோர்வு தரும். வேலை முடிந்து களைத்து வந்து பார்க்க ஏற்றதல்ல, அல்லது டப்பிங்கில் பாருங்கள். இரண்டாவது, ஒரு எபிசோடில் பொதுவாக மூன்று குட்டிக் கதைகள் இருக்கும், எல்லாம் ஒரே தரத்தில் இருக்காது. மூன்றாவது, வயதுக்கு வந்த பிள்ளைகள் பேசும் இரட்டை அர்த்தப் பேச்சு அங்கங்கே வரும். அப்பா அம்மாவோடு பார்க்கும்போது ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கும்.

நான்காவதுதான் முக்கியம். மூன்றாம் சீசனோடு நிறுத்திவிட்டால் கதை முடிந்த மாதிரி தோன்றும். ஆனால் அதற்கு நேர் தொடர்ச்சி அந்தப் படம். ‘தி ஃபர்ஸ்ட் கிஸ் தட் நெவர் எண்ட்ஸ்’ என்ற அதைத் தனிப்படம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அதில்தான் ககுயா என்ற பெண் யார் என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதற்குப் பிறகும் கதை வேண்டுமென்றால், மங்காவில் ஏறக்குறையப் பாதி மீதி இருக்கிறது.

விட்டு விட்டுப் பார்ப்பவர்களுக்கு இது பொருத்தம். எட்டு நிமிஷக் கதைகள் என்பதால் சாப்பிடும்போது ஒன்று, தூங்கும் முன் ஒன்று என்று பார்க்கலாம். புத்திசாலித்தனமான நகைச்சுவை பிடித்தவர்கள், அழுகைக் காட்சிகளைக் கண்டால் ஓடுபவர்கள், காதல் கதையே வேண்டாம் என்று அடம்பிடிக்கும் நண்பர்கள், இவர்களுக்கெல்லாம் நான் கையில் கொடுப்பது இதைத்தான்.

## ஹோரிமியா

பள்ளியில் ஹோரி அழகி, எல்லாருக்கும் பிடித்தவள். வீட்டில் அலங்காரமெல்லாம் கலைத்துவிட்டுத் தம்பி சோதாவைக் கவனித்து, வீட்டு வேலை செய்யும் அக்கா. மியாமுரா வகுப்பில் கண்ணாடி போட்ட ஊமை. சீருடைக்குள் பச்சை குத்தல், முடிக்குள் காதுகுத்தல்கள். அடிபட்ட சோதாவை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து விடும் நாளில் இருவரின் மறுபக்கமும் ஒருவருக்கொருவர் தெரிந்துவிடுகிறது.

இது காத்திருப்பு பிடிக்காதவர்களுக்கான தொடர். நான்காம் எபிசோடுக்குள் சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிடும். மற்ற தொடர்கள் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. ஜோடியான பிறகு ஒருவர் வீட்டில் ஒருவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், பொறாமை எப்படி வருகிறது, திடீரென்று திரும்பி வரும் அப்பாவை எப்படிச் சமாளிப்பது, இதெல்லாம்தான் கதை. பெரிய சண்டை கிடையாது. தன்னை யாருமே பார்க்கவில்லை என்று வளர்ந்த பையனை ஒருத்தி பார்த்ததால் அவன் உலகம் எவ்வளவு மாறியது என்பதைக் கடைசி எபிசோடு சொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

க்ளோவர்வொர்க்ஸ் ஸ்டூடியோவின் 2021 தொடர் இது. மூல மங்கா பத்தாண்டு ஓடியது. அதை 13 எபிசோடில் அடக்கியதுதான் இதன் விலை. முதல் நான்கு எபிசோடுகள் நிதானம், அதற்கப்புறம் மாதங்கள் தாவுகின்றன. யோஷிகாவா, இஷிகாவா போன்ற நண்பர்களின் காதல்கள் தொடங்கி, பாதியிலேயே நம் கண்ணை விட்டு மறைந்துவிடும். 2023-இல் வந்த ‘தி மிஸ்ஸிங் பீசஸ்’ இரண்டாம் சீசன் அல்ல. முதல் தொடர் தாண்டிப்போன சம்பவங்களைத் திரும்பப் போய் எடுத்த தொகுப்பு. தொடர்ச்சி என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம், விட்டுப்போன நாட்கள் என்று நினைத்தால் விருந்து. இன்னொன்று: மியாமுரா தன்னிடம் முரட்டுத்தனமாகப் பேச வேண்டும் என்று ஹோரி கேட்கும் ஒரு நகைச்சுவை திரும்பத் திரும்ப வரும். எனக்கு அது ரசிக்கவில்லை, பலருக்கும் ரசிக்காது.

ஒரு வார இறுதியில் முடிக்க வேண்டும், மனசு லேசாக வேண்டும் என்றால் இதைவிட நல்லது இல்லை. காதலருடனோ வாழ்க்கைத் துணையுடனோ சேர்ந்து பார்க்கவும் ஐந்தில் இதுதான் முதலில்.

## கிமி நி தொடோகே

கருஹோ ஷீனாவின் மங்கா 2005 முதல் 2017 வரை ஓடி 30 தொகுதிகள் வந்தது. ப்ரொடக்‌ஷன் ஐ.ஜி. எடுத்தது. சவாகோ குரோனுமா நீளக் கருங்கூந்தலோடு, பேய்ப்படப் பேய் சதாகோ மாதிரி இருக்கிறாள் என்று வகுப்பே அந்தப் பெயரால்தான் அழைக்கும். அவளோடு கண்ணுக்குக் கண் பார்த்தால் கெட்டது நடக்கும் என்று வதந்தி. அவளோ யாருக்கும் தெரியாமல் பள்ளித் தோட்டத்தில் களை பிடுங்குகிறாள், மற்றவர்களுக்குப் பாடக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறாள். எல்லாருக்கும் பிடித்த கஸேஹாயா அவளிடம் சாதாரணமாகப் பேசுகிறான். அவளுக்கு அது நம்ப முடியாத ஒன்று.

இதில் காதலுக்கு நிகராக நட்பு இருக்கிறது. அயானேவும் சிசுருவும் அவளுக்குத் தோழிகளாகும் எபிசோடுகளில், அவர்களைப் பற்றித் தப்பாகப் பேசுபவர்களை அந்தப் பயந்த பெண் எதிர்த்து நிற்கும் இடம் வரும். காதல் காட்சிகளையெல்லாம்விட என் நெஞ்சில் நின்றது அதுதான். தோழி என்று சொல்லிக்கொள்ளத் தனக்கு உரிமை இருக்கிறதா என்றே சந்தேகப்படும் பெண், காதலி என்று தன்னை எப்படி நினைப்பாள்? தாமதத்துக்கு இந்தக் காரணம் போதும்.

ஆனால் தாமதம் உண்மையிலேயே பெரிது. இரண்டாம் சீசனின் முன்பாதியில் ஒரே தவறான புரிதல் பல எபிசோடுகள் நீளும். கொடுக்க முடியாமல் போன ஒரு சாக்லேட்டில் தொடங்கி, இருவரும் ஒருவரை ஒருவர் தப்பாக எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே நாளில் ஐந்தாறு எபிசோடு பார்த்தால் பொறுமை போய்விடும். தினமும் ஒன்று போதும். இரண்டாம் சீசன் 2011-இல் முடிந்து, மூன்றாவது 2024-இல்தான் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. 37 எபிசோடோடு நிறுத்தினாலும் குறையில்லை.

கூச்ச சுபாவம் உள்ளவர்கள், பள்ளியில் தனியாக உட்கார்ந்திருந்தவர்கள், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க ஒன்று தேடும் பெற்றோர், இவர்கள் யோசிக்கவே வேண்டாம்.

## நோசாகி-குன்

சியோ சகுரா தன் காதலைச் சொல்லப் போகிறாள், வாய் தவறி ‘உங்கள் ரசிகை’ என்கிறாள், நோசாகி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான். அந்த முரட்டு உருவப் பையன் பெண்பெயரில் சிறுமிகளுக்கான காதல் மங்கா வரைபவன். அவள் அவனுக்கு உதவியாளராகிறாள். காதலையே வரைந்து பிழைப்பவனுக்கு எதிரே இருக்கும் காதல் தெரியவில்லை. முழுத் தொடரும் இந்த ஒன்றில்தான் நிற்கிறது, எபிசோடுக்கு எபிசோடு வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறது.

சிரிப்பின் பாதி, காதல் மங்காவின் வாடிக்கைகளைத் தெரிந்திருந்தால்தான் முழுசாகப் பிடிபடும். சைக்கிளில் பின்னால் பெண்ணை உட்கார வைத்து ஓட்டும் காட்சி காதல் கதைகளில் கட்டாயம் உண்டு. ஜப்பானில் அப்படி இருவர் போவது சட்டப்படி தப்பு. அதற்கு நோசாகி கண்டுபிடிக்கும் தீர்வை முதல் எபிசோடிலேயே பாருங்கள். மேலே சொன்னவற்றில் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு வந்தால் இது இரண்டு மடங்கு ருசிக்கும். கதை எங்கும் போய்ச் சேராது, இரண்டாம் சீசனும் இல்லை. அது தெரிந்தே பாருங்கள்.

## பட்டியலில் விட்டவை

மை டிரெஸ்-அப் டார்லிங்கில் பொம்மை செய்யும் பையனின் தொழில் நேர்த்தி அருமை. ஆனால் உடலைக் காட்டும் காட்சிகள் அதிகம், முதல் காதல் காமெடியாகக் கொடுக்க மனம் வரவில்லை. ஒரேகைரு மூன்று சீசனும் ஆழமானது. அதில் பேச்சுக்கு அடியில் இருக்கும் பேச்சைப் பிடிக்க, இந்த வகையில் கொஞ்சம் பழக்கம் வேண்டும். இரண்டையும் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

## எனக்குத் தோன்றும் வரிசை

ஒரே ஒன்றுதான் பார்ப்பேன் என்பவருக்கு டோராடோரா. முதல் பாதியின் அடிதடியைத் தெரிந்தே சொல்கிறேன். தொடங்கியதை முடித்து, அதில் வரும் ஒவ்வொருவருக்கும் நியாயம் செய்த தொடர் ஐந்தில் அதுதான். பெண் பையனை அடிப்பதைப் பார்க்கவே முடியாது என்றால் அதைக் கட்டாயப்படுத்தி முடிக்க வேண்டியதில்லை, ககுயாவுக்குப் போய்விடுங்கள்.

நேரமே இல்லை என்றால் ஹோரிமியாவின் முதல் 13 எபிசோடு மட்டும். பிடித்துவிட்டால் 2023-இல் வந்ததை உடனே தொடராமல் சில வாரம் கழித்துப் பாருங்கள், பழைய நண்பர்களைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று இருப்பவர்கள் ககுயாவின் முதல் சீசன், டோராடோரா, நோசாகி-குன், மறுபடி ககுயாவின் மீதி என்று போகலாம். கனமான ஒன்றுக்கு முன்னும் பின்னும் சிரிப்பு கிடைக்கும். கிமி நி தொடோகேயை இந்த வரிசைக்குள் திணிக்காமல், பக்கத்தில் தினமும் ஒன்றாக ஓட விடுங்கள்.

டோராடோராவை எந்த வேகத்தில் பார்த்தாலும் சரி, 19-ஆம் எபிசோடைத் தொடங்கும் இரவில் மட்டும் மறுநாள் விடுமுறையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு நடுவில் நிறுத்த வசதியான இடம் எதுவும் வராது.